மெட்டின் இருபுறமும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால் ஏலமலை ஒரு நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். ஊர் எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் சாலை ஏறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுழன்று, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறி, போடிமெட்டில் அது கேரள எல்லையைத் தொடுகிறது. மெட்டுக்கு அப்பால் பூப்பாறை, ராஜகுமாரி, ராஜாக்காடு என வரிசையாய் ஏலத் தோட்டத்து ஊர்கள். அங்கே விளையும் காய் இறங்கிவந்து போடியில் தரம் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்படுகிறது. இங்கிருந்து தொழிலாளர்கள் பொழுது விடியும் வேளையில் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் செல்கின்றனர். மாநில எல்லை மலையை இரண்டாகப் பிரிக்கிறது. பிழைப்பு அதனை இன்றுவரை ஒன்றாகவே வைத்திருக்கிறது.

இம்மலையைப் பற்றி எழுதுவோர் ஏலக்காயின் மணத்தையும் விலையையும் எழுதுவர். அன்றி, மழையையும் மண்சரிவையும் எழுதுவர். நாம் இங்கே எழுத விழைவது இம்மலை ஈன்ற ஓட்டக்காரர்களைப் பற்றி. இடுக்கி மாவட்டத்தில், மலையின் மேற்குப் புறத்திலும் அதன் அடிவாரத்திலும் பிறந்த மூன்று பெண்கள் ஆசியத் தடகள வரலாற்றில் தங்கள் பெயரைப் பதித்துள்ளனர். மெட்டுக்கு இப்புறம் வாழும் நாமோ அவர்களை அரைகுறையாகவே அறிந்திருக்கிறோம். அவர்கள் எவ்வாறு உருவாயினர் என்ற வினாவுக்குள், நம் பிள்ளைகளைப் பற்றிய வேறொரு வினாவும் அடங்கியிருக்கிறது.

இரண்டு சுற்றும் மூன்றே முக்கால் சுற்றும்

தடகளத்தில் ஓட்டங்களை மூவகையாகப் பிரிப்பர். 100, 200, 400 மீட்டர் விரைவோட்டங்கள். 800, 1500 மீட்டர் நடுத்தொலைவு ஓட்டங்கள். 5000, 10,000 மீட்டரும் அதற்கு மேற்பட்டவையும் நெடுந்தொலைவு ஓட்டங்கள். ஓடுகளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். ஆகவே 800 மீட்டர் என்பது இரண்டு சுற்று. 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. ஆங்கிலேயர் போற்றி வளர்த்த ஒரு மைல் ஓட்டம், ஏறத்தாழ 1609 மீட்டர், இந்த இரண்டாவதற்கு உடன்பிறப்பு.

ஓட்டப் பந்தயம் மிகப் பழமையானது. கிரேக்கர்கள் ஒலிம்பியாவில் முதலில் களத்தின் நீளத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடினர். பின்னர் போய்த் திரும்பும் ஓட்டம் வந்தது. அதன்பின் களத்தைப் பலமுறை சுற்றிவரும் நீண்ட ஓட்டம் சேர்ந்தது. கொரிந்து நகருக்கு அருகே இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாண்டது தற்செயலன்று. அம்மடலைப் படிக்கக் கேட்டவர்கள் அப்பந்தயங்களைத் தம் ஊரருகே கண்டவர்கள். வென்றவனுக்குக் கிடைத்தது வாடிப்போகும் தழையால் ஆன முடி என்பதையும் அவர்கள் நன்கறிவர்.

நடுத்தொலைவு ஓட்டத்தின் இயல்பே தனி. 100 மீட்டர் ஓடுபவர் தம்மிடம் உள்ள விசை அனைத்தையும் ஒரே மூச்சில் செலவழித்துவிடலாம். மாரத்தான் ஓடுபவர் பொறுமையைத் துணைக்கொண்டு தம் ஆற்றலைப் பங்கிட்டுக் கொள்ளலாம். நடுத்தொலைவு ஓட்டக்காரருக்கு இவ்விரு வசதியும் இல்லை. 800 மீட்டரில் உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி மூச்சுக்காற்றின் உயிர்வளியால் கிடைப்பது. எஞ்சியது உயிர்வளியின் துணையின்றித் தசை தானே எரித்துக் கொள்வது. இவ்வாறு எரிக்கும்போது தசையினுள் அமிலத்தன்மை ஏறுகிறது. இரண்டாம் சுற்றின் கடைசி 150 மீட்டரில் கால்கள் ஈயமாய்க் கனப்பதும், தோள்கள் இறுகுவதும் இதனோடு தொடர்புடையவை. விரைவாக ஓடும் திறனும் விரைவைத் தாங்கும் திறனும் ஒரே உடலில் கூடியிருக்க வேண்டும் என்பதே இவ்வோட்டத்தின் கடுமை.

விதியும் ஒன்று உண்டு. 800 மீட்டரில் முதல் வளைவு முடியும்வரை ஒவ்வொருவரும் தத்தம் தடத்திலேயே ஓட வேண்டும். அங்கே தரையில் ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். அக்கோட்டைக் கடந்த பின்னரே உட்புறத் தடத்துக்கு வரலாம். இச்சிறு விதி ஒரு தங்கத்தையே பறித்த வரலாற்றைச் சற்றுப் பின்னர் காண்போம்.

இவ்வோட்டத்தின் புகழ்மிக்க நாள் 1954 மே 6. ஆக்ஸ்போர்டு நகரின் இஃப்லி சாலைக் களத்தில் ரோஜர் பானிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் மைலை ஓடிய முதல் மனிதர் அவரே. பலரும் மறந்துவிடுவது, அவருக்கு முன்னே ஓடி வேகத்தைக் காத்துத் தந்த பிராஷர், சாட்டவே என்னும் இரு நண்பர்களை. 46 நாட்கள் கழித்து ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அச்சாதனையையும் முறியடித்தார். இயலாது என்று ஒரு தலைமுறை நம்பியதை ஒருவர் செய்து காட்டியதும் அடுத்தவருக்கு வழி திறந்துவிட்டது.

பெண்களுக்கு மூடப்பட்ட வாயில்

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்த ஆண்டு 1928. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாகத் தடகளத்தில் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்கு வைக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டம் 800 மீட்டர். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுவே இரண்டாவதாக வந்தார். இலக்கை அடைந்தபின் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தனர். கடினமான ஓட்டத்துக்குப் பின் ஆண்களும் அவ்வாறு சாய்வதுண்டு. ஆனால் சில செய்தித்தாள்கள் இதனைப் பெரிதுபடுத்தி, பெண்கள் மயங்கி விழுந்தனர் என்றும் இத்தகைய ஓட்டம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்றும் எழுதின. விளைவாக, பெண்களுக்கான 800 மீட்டர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது திரும்பி வந்தது 1960-இல், ரோமாபுரியில். 1500 மீட்டருக்கு 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெண்ணுடல் இரண்டு சுற்று தாங்காது என்று அங்கே தீர்ப்பு எழுதப்பட்ட அக்காலத்தில், நம் மலைகளில் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தனர்? தலையில் விறகும் இடுப்பில் பிள்ளையுமாய்ச் சரிவுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தனர். மழையில் நனைந்தபடி, ஏலச்செடியின் அடித்தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்களின் உடல் எதைத் தாங்கும் என்று எவரும் ஆய்ந்து எழுதவில்லை. அந்த மலையின் மகள்களே பிற்காலத்தில் இதற்கு விடை சொன்னார்கள்.

மலையின் மகள்கள்

முதலாமவர் ஷைனி ஆபிரகாம். மணமானபின் ஷைனி வில்சன். 1965-இல் இடுக்கி மலையின் அடிவார நகரமான தொடுபுழாவில் பிறந்தார். கோட்டயத்து விளையாட்டுப் பிரிவில் பயின்று, பின்னர் பாலாவில் மறைமாவட்டம் நடத்தும் அல்போன்சா கல்லூரியில் சேர்ந்தார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் அரையிறுதிக்குத் தேர்வானார். ஒலிம்பிக் ஓட்டத்தில் அந்நிலையை எட்டிய முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் அவருடையது.

1986 சியோல் ஆசிய விளையாட்டில்தான் நாம் முன்னர் கூறிய கோடு குறுக்கே வந்தது. 800 மீட்டரில் அவர் முன்னணியில் ஓடினார். ஆயினும் உரிய கோட்டை அடையுமுன்னரே உட்தடத்துக்குத் திரும்பிவிட்டார் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். சற்றே முன்னதாக வைத்த கால், இரண்டு சுற்று உழைப்பையும் வீணாக்கியது. அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்தி முன்நடந்தார். அப்பொறுப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில், தம் 30-ஆம் வயதில், ஒரு குழந்தைக்குத் தாயான பின்னர், 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 நொடியில் ஓடினார். அத்தேசியச் சாதனை 15 ஆண்டுகள் நிலைத்து, 2010-இல் டின்டு லூக்காவால் முறியடிக்கப்பட்டது.

இரண்டாமவர் கே.எம். பீனாமோள். 1975-இல் இடுக்கி மலையிலுள்ள கொம்பொடிஞ்ஞால் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் ஓடினார். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரிலும் 4x400 மீட்டர் தொடரோட்டத்திலும் தங்கம், 400 மீட்டரில் வெள்ளி என மூன்று பதக்கங்கள் வென்றார். அதே பூசானில், ஆண்களுக்கான 800 மீட்டரில் அவருடைய தம்பி கே.எம். பினு வெள்ளி வென்றார். ஒரே மலையூர், ஒரே வீடு, ஒரே ஓட்டம். அக்காவும் தம்பியும் ஒரே ஆசிய விளையாட்டில் பதக்கத்தோடு திரும்பினர்.

மூன்றாமவர் ப்ரீஜா ஸ்ரீதரன். நம் போடிக்கு மிக நெருங்கியவர். மெட்டைத் தாண்டி ராஜாக்காட்டுக்கு அருகே உள்ள முல்லக்கானம் அவர் ஊர். வறுமையை நன்கறிந்த குடும்பம். அவர் நடுத்தொலைவைத் தாண்டி நெடுந்தொலைவுக்குச் சென்றவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார். 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் அதே தொலைவை 31 நிமிடம் 50.47 நொடியில் ஓடித் தங்கம் வென்றார்; அன்று அது தேசியச் சாதனை. 5000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். 25 சுற்றுகள் கொண்ட அவ்வோட்டத்தில் வென்ற பெண், போடி ஏலச் சந்தைக்குக் காய் அனுப்பும் மலையிலிருந்து வந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காற்றா, சரிவா?

மலைக்காற்றுதான் இதற்குக் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். உலகில் அதற்குச் சான்றும் உண்டு. 1968 ஒலிம்பிக், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் நடைபெற்றது. அங்கே 1500 மீட்டரில் கென்யாவின் கிப் கெய்னோ, அமெரிக்காவின் ஜிம் ரையனைப் பின்தள்ளி வென்றார். உயர்ந்த நிலத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் உயிர்வளியும் குறைவு. அங்கே நெடுங்காலம் வாழ்பவரின் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. அவர்கள் கீழே இறங்கி ஓடும்போது அது பெருந்துணையாகிறது.

ஆனால் இவ்விளைவு தெளிவாகப் புலப்படுவது பெரும்பாலும் 2,000 மீட்டரையொட்டியும் அதற்கு மேலும்தான். ஏலம் விளையும் ஊர்கள் பெரும்பாலும் 600 முதல் 1,300 மீட்டர் வரையிலான உயரத்தில் உள்ளவை. தொடுபுழாவோ சமவெளிக்கு நிகரானது. எனவே காற்றுக்கு முழுப் பெருமையையும் கொடுத்துவிட இயலாது.

சரிவுக்குச் சிறிது பெருமை உண்டு. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட், காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தம் ஓட்டக்காரர்களை வாரம் 100 மைல் ஓடச் செய்து, மேடுகளில் ஏறி ஓடும் பயிற்சியையும் அளித்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960-இல் 800 மீட்டரிலும், 1964-இல் 800, 1500 மீட்டர் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஏற்றத்தில் ஓடுபவரின் தொடையும் கெண்டைக்காலும் வலுப்பெறுகின்றன, மூச்சு ஆழப்படுகிறது. பள்ளிக்கூடம் போக நாள்தோறும் ஏறி இறங்கும் மலைப்பிள்ளை இப்பயிற்சியை அறியாமலேயே பெறுகிறது. ஆயினும் ஏறி இறங்கும் பிள்ளைகள் மெட்டுக்கு இருபுறமும் உண்டு. குரங்கணியிலும் கொட்டகுடியிலும் நம் பிள்ளைகளும் அவ்வாறே நடந்து வளர்ந்தவர்கள்.

1976-ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

விடை வேறிடத்தில் இருப்பதாக நாம் கருதுகிறோம். 1976-இல் அயர்லாந்தைச் சேர்ந்த துறவறச் சகோதரர் ஒருவர் கென்யாவின் இட்டன் என்னும் மலையூருக்குப் புவியியல் ஆசிரியராகச் சென்றார். பெயர் கோம் ஓ'கானல். சென்னை அடையாற்றில் பள்ளி நடத்திவரும் பாட்ரீசியன் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். தடகளப் பயிற்சியில் அவருக்கு முன்னனுபவம் கிடையாது. புனித பேட்ரிக் பள்ளி மாணவர்களை உற்றுநோக்கி, அவர்களிடமிருந்தே கற்றுக் கற்பித்தார். அப்பள்ளியில் பயின்ற பீட்டர் ரோனோ 1988-இல் 1500 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் உருவாக்கிய டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அந்த மலை அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, நாள்தோறும் களத்தில் நின்ற ஒருவர் வந்தபின் வெற்றிகள் தொடர்ச்சியாய் வந்தன.

அதே 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. பி.டி. உஷா அங்கே சேர்ந்த சிறுமியருள் ஒருவர். தங்க இடம், உண்ண உணவு, படிக்கப் பள்ளி, பயிற்றுவிக்க ஆசிரியர் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. கோட்டயத்தில் ஷைனிக்குக் கிடைத்ததும் இதுவே. பள்ளியை முடித்தவர்களைக் கல்லூரிகள் ஏற்றுக்கொண்டன. கல்லூரியை முடித்தவர்களுக்கு ரயில்வேயும் இந்திய உணவுக் கழகமும் பணி தந்தன. ஓடினால் பிழைக்கலாம் என்று ஓர் ஏழைத் தாய் நம்புவதற்கு இத்தனை படிகளும் வேண்டியிருந்தன. ஒரு படி குறைந்தாலும் பிள்ளை தோட்ட வேலைக்கே திரும்பியிருக்கும்.

இப்புறத்து வரலாறு

தமிழகத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டையின் கோ. லட்சுமணன் 2017 புவனேசுவர் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராசன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று அறிவிக்கப்பட்டு அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து உண்டவரல்லர், எவரையும் ஏமாற்றியவரல்லர். தாம் பிறந்த உடலோடு ஓடியவர். மறைவாகப் பேணப்பட வேண்டிய ஒரு மருத்துவச் செய்தி உலகெங்கும் பரப்பப்பட்டது. அவர் உயிரையே வெறுக்கும் நிலைக்குச் சென்று மீண்டார். அரசு அளித்த பரிசுத் தொகையைக் கொண்டு தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். 2012-இல் அவர் மீண்டும் செங்கல் சூளையில் கூலிக்கு உழைப்பது செய்தியாயிற்று. 2016-இல்தான் அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் பணி அவருக்குக் கிடைத்தது.

மனிதரின் மாண்பு பதக்கத்தினால் வருவதன்று. பதக்கம் போவதனால் போவதுமன்று. இதனை மேடைகளில் நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் ஓடி வென்ற பெண்ணைத் தோளில் தூக்கிய அதே சமூகம், மறுவாரமே அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தயங்கியது. பிள்ளைகளை ஓட அழைப்பவர்கள், அவர்கள் விழும்போதும் உடனிருக்கக் கடமைப்பட்டவர்கள்.

நம் தேனி மாவட்டத்திலேயே, ஒரு விளையாட்டை ஓர் ஊர் எப்படி வளர்க்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. பெரியகுளத்தில் பல்லாண்டுகளாக நடந்துவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நாடறியும். அவ்வூர் மண்ணுக்குக் கூடைப்பந்தோடு பிறவித் தொடர்பு ஏதுமில்லை. சிலர் கூடி ஒரு களம் அமைத்தனர். ஆண்டு தவறாமல் நடத்தினர். பிள்ளைகள் பார்த்தனர், பின்னர் ஆடினர்.

ஓட்டத்துக்கு அவ்வளவு செலவும் இல்லை. 400 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடிட்ட ஒரு மைதானம், ஒரு கைக்கடிகாரம், வாரம் ஐந்து நாள் காலையில் வந்து நிற்கும் ஓர் ஆசிரியர், ஓடி முடித்த பிள்ளைக்கு ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும்: இவையே தொடக்கத்துக்குப் போதும். நம் பங்குகளில் பள்ளிகள் உண்டு, மைதானங்கள் உண்டு, விடுமுறையில் அவை வெறுமையாய்க் கிடப்பதும் உண்டு. உடற்கல்வி வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவதிலிருந்தே தொடங்கலாம். பூப்பெய்தியதும் மகளைக் களத்திலிருந்து அழைத்துக்கொள்ளும் பெற்றோரிடம், கொம்பொடிஞ்ஞாலிலும் முல்லக்கானத்திலும் பிறந்த பெண்களின் கதையைச் சொல்லலாம்.

ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும் என்பதைப் போடி மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அதுவரை நிழலும் நீரும் காவலும் தந்து காத்திருக்க அவர்கள் பழகியவர்கள். ஓட்டக்காரர் ஒருவர் உருவாக அதைவிட நீண்ட காலம் ஆகும். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் எட்டு, பத்து ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் காத்திருக்க மெட்டுக்கு அப்புறம் சிலர் அணியமாக இருந்தனர். இப்புறத்தில் அப்பொறுப்பை ஏற்க வேண்டியவர்கள் நாமே.